தறி இருக்கும் வீட்டுக்கு எந்த அலுவலகம்?

ஓரிக்கை என்ற பெயருக்குக் காஞ்சிபுரத்தில் சொல்லும் கதை ஊரறிந்தது. பல்லவ அரசனின் கோபத்துக்கு ஆளாகிக் கணிகண்ணன் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. சீடன் போகும்போது குருவுக்கு இங்கே என்ன வேலை என்று திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. வாயில் தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று. அரசன் வந்து மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் காஞ்சிக்கே திரும்பிவிட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ராஜாஜி மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவானபோது, காய்கறி வியாபாரிகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்க இடம் பார்த்ததும் ஓரிக்கைப் பக்கத்தில்தான். தெய்வத்துக்கு ஓர் இரவு, கத்தரிக்காய்க்கு மாதக்கணக்கில். ஊர்ப் பெயருக்குள்ள ராசி அப்படி.

கத்தரிக்காயை இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நகரத்தின் உள்ளாட்சி அலுவலகம் உள்ளூர் வியாபாரத்தை எப்படி வளர்க்கிறது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியும் பதில் மார்க்கெட்தான். கட்டடம் கட்டலாம், கடைகளை ஏலம் விடலாம், வாடகை வசூலிக்கலாம், இடிக்கும்போது மாற்றிடம் தரலாம். இதெல்லாம் உள்ளாட்சிக்குக் கைவந்த வேலை. ஆனால் காஞ்சிபுரம் பிழைப்பது கத்தரிக்காயால் அல்ல, பட்டால். அந்தப் பட்டு கடையில் விற்கிறது, வீட்டில் பிறக்கிறது. மாநகராட்சியின் கண்ணில் கடை படுகிற அளவுக்குத் தறி படுகிறதா என்பதுதான் நான் பார்க்க விரும்பிய விஷயம்.

காஞ்சிபுரம் 1866-இல் நகராட்சியானது. 2021-இல் தாம்பரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி ஆகியவற்றோடு சேர்த்து மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பே நகர எல்லை விரிந்து, ஊராட்சியாக இருந்த ஓரிக்கையும் உள்ளே வந்துவிட்டது. உத்திரமேரூர் சாலையில், பாலாற்றை ஒட்டிய ஊர். காஞ்சி மகாபெரியவருக்கு இங்கே கருங்கல்லில் எழுப்பிய மணிமண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர்க்காரரையும் பூக்காரரையும் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அதற்குப் பின்புறத் தெருக்களில் நெசவாளர் வீடுகள். கிராமமாக இருந்தபோதும் தறி ஓடியது, மாநகராட்சியான பிறகும் ஓடுகிறது. இடையில் மாறியது வரி ரசீதின் தலைப்பு.

இனி சட்டம். 1992-இல் நிறைவேறி, மறுவருஷம் ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், அரசியல் சட்டத்தில் 12-ஆம் அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 18 வேலைகள் அதில் இருக்கின்றன. முதலாவது நகரமைப்பு, இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. மூன்றாவது, பொருளாதார, சமூக மேம்பாட்டுக்கான திட்டமிடல். குடிநீர், துப்புரவு, மயானம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அட்டவணை வரிசையைப் பார்த்தால் ஊரின் பிழைப்பை வளர்ப்பது உள்ளாட்சியின் தலையாய வேலைகளில் ஒன்று என்று தோன்றும். அலுவலகத்துக்குள் நுழைந்து அறைக்கதவுகளின் பலகைகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்: வருவாய்ப் பிரிவு, பொறியியல் பிரிவு, பொது சுகாதாரம், நகரமைப்பு. தமிழ்நாட்டு நகராட்சி எதிலும் ‘தொழில் வளர்ச்சிப் பிரிவு’ என்ற பலகை வழக்கமில்லை. அட்டவணையின் மூன்றாவது வரிக்கு மேஜையும் இல்லை, நாற்காலியும் இல்லை. மாநிலச் சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். கால் நூற்றாண்டு அது அலமாரியில் இருந்தது.

ஆகவே மாநகராட்சி வியாபாரத்தைத் தொடுவது சில கதவுகள் வழியாகத்தான். சொத்து வரி, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, வியாபார உரிமம், கடைக் குத்தகை. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்த பிறகு நகர விற்பனைக் குழு என்ற ஒன்று சேர்ந்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு. 2020-இல் கொரோனா ஊரடங்குக்குப் பின் மத்திய அரசு சாலையோர வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய்க் கடன் தொடங்கியபோது, யார் வியாபாரி என்று சான்று தரும் பொறுப்பு உள்ளாட்சிக்கு வந்தது. தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கு மாநகராட்சியின் அடையாள அட்டை உண்டு. எதிர்வீட்டு நெசவாளரிடமும் அட்டை இருக்கிறது. அதைக் கொடுத்தது டெல்லியிலுள்ள கைத்தறி வளர்ச்சி ஆணையர் அலுவலகம்.

நெசவாளர் கேட்பாரற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. கேட்பவர்கள் அதிகம், எல்லோரும் வெவ்வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலும் ஜரிகையும் கூலியும் கூட்டுறவுச் சங்கத்தில், அல்லது தனியார் முதலாளியிடம். சங்கத்துக்கு மேலே கைத்தறித் துறையின் உதவி இயக்குநர். வடிவமைப்புக்கும் சாயப் பயிற்சிக்கும் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம். கடனுக்கு வங்கி. மானியத்தோடு வேறு தொழில் தொடங்க நினைத்தால் மாவட்டத் தொழில் மையம். இலவச மின்சாரம் மின்வாரியத்தில். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று 2016-இல் இருந்தது 2023-இல் 300 ஆயிற்று. எங்கும் வேலை நடக்காவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு. இத்தனை வாசல்களுக்கும் நடந்து முடித்து வீடு திரும்பினால், வீட்டு வாசலில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மட்டும் மாநகராட்சி.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. தரையைத் தோண்டிய குழியில் மிதிகள் இருக்கும். நெசவாளர் தரை விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். இதை வறுமையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு நுட்பம். மண் குழியின் குளுமை பாவு இழைகளை வறண்டு அறுந்துபோகாமல் பாதுகாக்கிறது. தறியின் பாரம் தரையில் இறங்குவதால் அச்சு அடிக்கும்போது ஆட்டமில்லை. தட்டும் தட்டு சீராக விழுகிறது. சித்திரை வெயிலில் குழிக்குள்ளிருக்கும் கால் சொல்லும், அது எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு என்று.

ஐப்பசியில் அதே குழி எதிரியாகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, தெருவில் வடிகால் இல்லாமலோ அடைத்துக்கொண்டோ தண்ணீர் நின்றால், முதலில் நிரம்புவது வீட்டின் மிகத் தாழ்வான இடம். அந்த இடம் தொழிற்சாலையின் மையம். குழி ஊறினால் நெசவு நின்றது. ஈரக்காற்றில் பாவு தொய்கிறது, மரம் ஊதுகிறது, ஜக்கார்டு அட்டைகள் நமத்துப்போகின்றன. தீபாவளி முடிந்து தை முகூர்த்தங்களுக்குச் சேலை வேண்டும் என்று கடைக்காரர்கள் நெருக்கும் சமயமும் இதுவே. கூலி நெசவுக்காரருக்கு நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது. ஒரு வாரம் தண்ணீர் வடியாவிட்டால், நெசவாளர் வீட்டுக் கணக்கில் அது ஒரு வாரக் கதவடைப்பு.

தெருவும் அப்படியே. பாவு நீளமானது; வீட்டுக்குள் அடங்காது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததைப் பிணைத்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். காஞ்சிபுரத்துக்கு வந்த புகைப்படக்காரர் எவரும் இந்தக் காட்சியை விட்டதில்லை. படத்தில் அழகாக இருக்கும் அந்தத் தெரு, தொழில் கணக்கில் ஒரு பட்டறை. அங்கே கார் நிறுத்தினால் பட்டறையில் கார் நிறுத்தியதாக அர்த்தம். மாநகராட்சியின் பதிவேட்டில் அது போக்குவரத்துச் சாலை. பாவு ஓடும் தெரு என்ற வகை எந்தப் படிவத்திலும் இல்லை.

வரி விதிப்பிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. சொத்து வரி என்பது கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்து விதிப்பது: குடியிருப்பா, வணிகமா, தொழிலா. முன்கூடத்தில் தறியும் பின்கட்டில் அடுப்பும் இருக்கும் வீட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குடியிருப்பு என்று எழுதினால் வரி குறைவு, நெசவாளருக்கு நல்லது. ஆனால் குடியிருப்பு என்று எழுதிய கணத்திலேயே அந்தத் தெருவில் தொழிலே இல்லை என்றும் எழுதியாகிவிட்டது. நாளைக்கு வடிகாலுக்குப் பணம் ஒதுக்கும்போது, கடைத்தெருவான காந்தி சாலைக்கும் தறித்தெருவுக்கும் நடுவில் எது முக்கியம் என்ற கேள்விக்குப் பதிவேடு தரும் விடை தெரிந்ததே. வரிச்சலுகைக்காகத் தறியை யாரும் மறைக்கவில்லை. அது தானாகவே மறைந்துபோகிறது.

கைத்தறி மாநில அரசின் கைக்கு எப்படிப் போனது என்பதற்கு வரலாறு இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு மில் துணியோடு போட்டிபோட முடியாமல் தறிகள் நின்று, நெசவாளர்கள் கஞ்சித்தொட்டிக்கு வந்த காலத்தில், 1953-இல், மில் துணிமீது தீர்வை வசூலித்துக் கைத்தறிக்குச் செலவிடும் சட்டம் வந்தது. அதே வருஷம் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அதற்குத் தலைமை தாங்கிய அண்ணாதுரை காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் படிப்பு இடையில் நின்றபோது காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலையும் பார்த்தார். தறி வீட்டையும் நகராட்சி மேஜையையும் உள்ளிருந்து பார்த்த முதலமைச்சர் அவர் ஒருவர்தான். அவருடைய பெயரில் இன்று காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, பட்டுப் பூங்கா இருக்கிறது. அந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்து வைத்த அலுவலகம் மட்டும் உருவாகவில்லை.

துறை என்று ஒன்று அமைந்ததால் வந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. சங்கங்கள் இல்லாவிட்டால் முதலாளி வைத்ததே கூலி. சூரத் ஜரிகையை மட்டும் நம்பி இருக்கவேண்டாம் என்று 1971-இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் அமைந்தது. 1985-இல் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ஐ ஒட்டிக் கிடைத்தது. இவை எல்லாம் சேலையைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். சேலை நெய்யும் வீடு எந்தத் தெருவில், எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது இவற்றில் எதற்கும் தேவைப்படாத தகவல்.

வீட்டிலிருந்து தறியை வெளியே எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமே என்பது ஒரு யோசனை. கீழ்கதிர்ப்பூரில் 75 ஏக்கரில் அமைந்த பேரறிஞர் அண்ணா கைத்தறிப் பட்டுப் பூங்கா அந்த யோசனையின் வடிவம். மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டத்தில், 83.83 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டமிட்டது. சாயமிடுதல், தறிக்கூடம், கிடங்கு எல்லாம் ஒரே வளாகத்தில். சாயக் கழிவுநீரை ஒரே இடத்தில் சுத்திகரிக்கலாம் என்ற அளவில் இதற்கு நியாயம் உண்டு. வேகவதி ஆற்றின் நிலையைப் பார்த்த எவரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் நெசவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாவில் ஓடி ஒன்றையொன்று கவ்வவேண்டும். அதற்குத் தறியில் இரண்டாவது கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை சிறுவர்களுடையது. தொண்ணூறுகளில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அது பெருமளவு குறைந்தது, நல்லதே நடந்தது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண். சோறு வடித்துவிட்டு வந்து உட்காருகிறார், பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் எழுந்து போகிறார், இடையில் தார் சுற்றுகிறார். கீழ்கதிர்ப்பூருக்குப் பஸ் பிடித்துப் போய் எட்டு மணி நேரம் உட்காருவதாக இருந்தால் அவர் ஒரகடம் தொழிற்பேட்டைக்கே போய்விடலாம். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது, மாதச் சம்பளமும் உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனிகளை அரசு எப்படி வரவேற்றது என்பதும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். இதே மாவட்டத்தில் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தபோதும், பத்து வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தபோதும், சிப்காட் நிலத்தைச் சமன்செய்து, சாலையும் வடிகாலும் மின்சாரமும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. வடிகால் இல்லாத மனையில் கார் ஆலை கட்டு என்று எந்த அரசும் சொன்னதில்லை. தொழிலுக்கு அடித்தளம் என்பது பெரிய ஆலைக்கு முன்கூட்டியே கிடைக்கும் சீர். குழித்தறிக்கு, வார்டு கவுன்சிலரிடம் மனுக்கொடுத்துக் காத்திருக்கும் சமாசாரம்.

உள்ளாட்சி ஒரு நெசவுத் தொழிலைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1869-இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ நகரின் நிஷிஜின் நெசவாளர்கள் திண்டாடிப் போனார்கள். அரண்மனை என்ற வாடிக்கையாளர் ஒரே நாளில் கைவிட்டார். கியோட்டோ வட்டார அரசு 1872-இல் மூன்று பேரைப் பிரான்சிலுள்ள லியோன் நகருக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் செய்தது. இருவர் கருவிகளோடு திரும்பினார்கள். மூன்றாமவர் வந்த கப்பல் கரை சேருமுன் மூழ்கிவிட்டது. 1874-இல் அந்த அரசே நெசவுக்கூடம் ஒன்றைத் திறந்து, வந்த வித்தையை ஊருக்குக் கற்றுக்கொடுத்தது. டோக்கியோவிலிருந்து திட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நிஷிஜினிலும் தறி வீட்டுக்குள்தான், குறுகி நீண்ட வீட்டின் பின்கட்டில், மண் தரையில். நம்மூர் நெசவாளர் அந்த வீட்டுக்குள் போனால் வழிகேட்காமலே தறியைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டு என்ற காஞ்சியில் நெசவாளர் குடியிருந்த நான்கு சேரிகளையும், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவுசெலவில் அவர்களுக்கிருந்த பொறுப்பையும் அது சொல்கிறது. ஆண்டுதோறும் அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியவர்கள் மாநகரத்தார். அந்த மாநகரம் வணிகர் அவை. இன்றைய மாநகராட்சிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் என்பது தெரியும். ஆனாலும் நெசவாளர் சேரி எது, அதில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன பொறுப்பு என்பது ஊரவையின் ஏட்டில் இருந்தது.

இன்றைய ஏட்டில் அதைச் சேர்ப்பது பெரிய வித்தையல்ல. வார்டு வாரியாகக் குழித்தறி இருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கலாம். கணக்கு கைத்தறித் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. தெருப் பெயரோடு ஒரு பிரதி வாங்கினால் போதும். அந்தத் தெருக்களில் விடியற்காலையில் சில மணி நேரம் வண்டி கூடாது என்று அறிவிக்கலாம். வெளியூரிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்களைப் பஸ் நிலையத்திலேயே கமிஷன்காரர்கள் மடக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கேயே ஜரிகையைச் சோதித்துச் சொல்லும் ஒரு சிறு அறைக்கு இடம் ஒதுக்கலாம். பஸ் நிலையம் மாநகராட்சியின் சொத்து. பாரம்பரிய நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2015-இல் தேர்ந்தெடுத்த 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று; ஒதுக்கீடு 23 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அந்தத் திட்டம் நாடெங்கும் கோயில், குளம், நடைபாதை, விளக்கு, கழிப்பறை என்றுதான் சுற்றியது. பாரம்பரியம் என்றால் கல்லில் செதுக்கியது என்று எண்ணுபவர்களுக்கு, தினமும் அவிழ்த்துச் சுருட்டும் பாவு பாரம்பரியமாகத் தோன்றுவது கஷ்டம்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக எனக்குப் படுவது, தறியைப் பற்றிப் பேசாத ஓர் உத்தரவு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு முறை தார்ச்சாலை போடும்போதும் பழைய சாலைக்கு மேலேயே போடுவது நெடுநாள் வழக்கம். தெரு ஏறுகிறது, வீடு இறங்குகிறது. முப்பது வருஷத்துக்கு முன் திண்ணைக்கு இரண்டு படி ஏறிப்போன வீடுகளில் இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அது மழைக்காலத் தொல்லை. குழித்தறி வீட்டுக்கு, தெரு ஏறும் ஒவ்வொரு அங்குலமும் குழிக்கு ஒரு அங்குலம் ஆழம் கூட்டுகிறது. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போடவேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை உயரக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வீட்டுக்காரர்களின் புகார்களை மனத்தில் வைத்து எழுதியது போலத்தான் தெரிந்தது. ஓரிக்கைத் தெரு ஒன்றில் ஒப்பந்தக்காரரின் வண்டி வந்து நிற்கும் காலையில், சுரண்டும் எந்திரமும் கூட வந்திருக்கிறதா என்று எட்டிப்பார்ப்பவர் பொறியாளராக இருக்கவேண்டும் என்றில்லை. கால்களைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னல் வழியே தெருவின் மட்டம் நேராகக் கண்ணுக்குத் தெரியும்.